காற்று விட்டுப்போன பிள்ளைகள்

ஆனி பிறந்ததும் திருவேங்கடத்துக் கரிசலுக்கு வருகிற காற்றில் மழை இருக்காது. செங்கோட்டைக் கணவாய்க்குள் நுழையும்போது அது ஈரக்காற்றுதான். கையில் இருந்ததையெல்லாம் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாக இறைத்துவிட்டு, கிழக்கே வரவர வெறுங்கையாகி, சங்கரன்கோவிலைக் கடந்து எங்கள் பக்கம் எட்டும்போது அதனிடம் மிஞ்சுவது புழுதியும் இரைச்சலும்தான். ஐந்தருவியில் ஊர் ஊராய் வந்தவர்கள் தலையை நீட்டி நிற்கிற அதே நாளில் இங்கே காத்தாடிகள் இரவும் பகலும் சுற்றும். காற்றாலை என்பது மின்வாரியத்துப் பேச்சு. ஊருக்கு அது காத்தாடிதான். பருத்தி போட்டவர், கம்பு விதைத்தவர், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர் என எல்லோரும் முகத்தை ஒருக்களித்துக்கொண்டு நடக்கிற இரண்டு மாதம் அது.

கிணற்றங்கரைப் பனைகளில் தூக்கணாங்குருவி கட்டிய கூடுகளில் சில இந்தக் காற்றுக்கு அறுந்து விழும். விடிந்ததும் அவற்றைப் பொறுக்க ஓடுவது எங்கள் வயதுப் பையன்களுக்கு ஒரு வேலை. ஒரு நாள் கூட்டுக்குள் கைவிட்டவன் சட்டென்று எடுத்துக்கொண்டான். உள்ளே கண் திறக்காத ஒரு குஞ்சு. உரித்த வெங்காயம் போலத் தோல், அதற்குள் நீலமாக ஓடும் நரம்பு, முதுகுப் பக்கமாக மடங்கிக் கிடந்த ஒரு இறக்கை. அதை இறக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. மஞ்சள் நூல் தடிமனில் ஒரு எலும்பு. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "காத்து கொண்டாந்து போட்டத காத்துகிட்டயே விட்டுருங்கலே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மண்ணைத் தோண்டி மூடினோம். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் உப்பிப் புரளும் மண். மறு வருஷம் அந்த இடத்தில் ஒன்றும் இருந்திருக்காது.

இத்தனை வருஷம் கழித்து அந்த மடங்கிய எலும்பை நினைவுக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்மித்தும் டேவிட் அன்வினும் உடனுழைத்தவர்களும் இரண்டு சிறு புதைபடிவங்களைப் பற்றி எழுதினார்கள். இரண்டும் டெரோடாக்டிலஸ் என்னும் டெரோசாரின் குஞ்சுகள். டைனோசர் காலத்து வானத்தை ஆண்ட, பறவையும் அல்லாத வௌவாலும் அல்லாத, நான்காம் விரல் ஒன்றையே நீட்டி அதில் தோலைக் கட்டிப் பறந்த ஊர்வன வகை அது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையில் சுமார் 15 கோடி ஆண்டுகளாகக் கிடந்தவை. விரித்த இறக்கையின் அகலம் 20 சென்டிமீட்டருக்கும் குறைவு, ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். பொரித்து சில நாட்கள், மிஞ்சினால் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். ஒன்றுக்கு இடக்கை, மற்றதற்கு வலக்கை. இரண்டிலும் மேற்கை எலும்பு ஒரே மாதிரி, சாய்வாக, சுத்தமாக முறிந்திருக்கிறது. புற ஊதா விளக்கில் பார்த்தபோதுதான் முறிவு துலங்கியது. எதிலோ மோதி உடைந்த உடைப்பு அல்ல. ஈரத்துணியைப் பிழிவதுபோல இறக்கையை முறுக்கி ஒடித்த விசை அது. வீசிய புயலில் கை ஒடிந்து, கடலில் விழுந்து, அந்தப் புயலே கலக்கிவிட்ட சுண்ணாம்புச் சேற்றில் உடனே புதைந்துபோனவை என்பது அவர்கள் முடிவு. ஆராய்ந்தவர்கள் முதல் குஞ்சுக்கு லக்கி என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் லாட்டரி இருந்த காலத்தில் கடைக்கும், எக்காலத்திலும் நாய்க்குட்டிக்கும் வைக்கிற பெயர். பிறந்த கிழமையே செத்ததற்கு அதிர்ஷ்டசாலி என்று பெயர் வைப்பதில் தெரிவது கல்லை வாசிப்பவர்களின் அதிர்ஷ்டம்தான்.

இந்த இனத்துப் பிள்ளைகளை மனிதர்கள் பிள்ளைகள் என்று அறியவே நெடுங்காலம் ஆயிற்று. 1784இல் கோசிமோ கொலினி என்பவர் முதல் டெரோசார் எலும்புக்கூட்டை விவரித்தபோது அது ஏதோ கடல்வாழ் உயிராக இருக்கலாம் என்று எண்ணினார். 1801இல் பாரிசில் கூவியே அதைப் பறக்கும் ஊர்வன என்று கண்டுசொன்னார். 1812இல் சோமெரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் இல்லை, வௌவால் என்றார். அவரே 1817இல் குட்டை மூஞ்சியுள்ள ஒரு சின்னஞ்சிறு எலும்புக்கூட்டைப் பார்த்து அதைத் தனி இனமாக்கிப் பெயரும் சூட்டினார். மூஞ்சி குட்டையாக இருந்ததற்குக் காரணம் அது குழந்தை என்பதுதான். அப்படியே நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் ஓடின. அளவு மாறினால் புது இனம், மூக்கு நீண்டால் புது இனம் என்று பட்டியல் வளர்ந்தது. 1990களின் நடுவில் கிறிஸ்டோபர் பென்னட் அளவு வரிசைகளை அடுக்கிக் காட்டிய பிறகே அந்தத் தனி இனங்களில் பல ஒரே குடும்பத்தின் இந்த வருஷத்துப் பிள்ளையும் போன வருஷத்துப் பிள்ளையும் என்று தெளிந்தது. நமக்கு இதில் லேசான பெருமிதம் கொள்ள இடமுண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களுக்கென்றே தனியாக நூற்பாக்கள் வைத்திருக்கிறது. பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று இரு பெயர்களைச் சொல்லிவிட்டு, தவழ்வனவற்றுக்கும் அதுவே பொருந்தும் என்கிறது. பறக்கவும் செய்த, ஊர்வன குலத்திலும் பிறந்த ஒரு குஞ்சை அந்த நூலோர் கனவிலும் கண்டிருக்க வழியில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: பார்ப்பு.

அந்தக் குஞ்சுகள் கிடந்த கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு அந்நியக் கல் அல்ல. 1796 வாக்கில் மூனிக்கில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்ற நாடகக்காரர், அம்மா சொன்ன சலவைக் கணக்கை எழுதக் காகிதம் கிடைக்காமல், கையருகே கிடந்த சுண்ணாம்புப் பலகைக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் குறித்துவைத்தாராம். அதிலிருந்து பிறந்தது கல்லச்சு. பசை நீரை ஒதுக்கும், நீர் மையை ஒதுக்கும் என்ற எளிய சூத்திரம். அதற்கு ஏற்ற நேர்த்தியான கல் உலகில் சோல்ன்ஹோஃபன் பக்கம் வெட்டியதுதான். உலகமெங்கும் அச்சுக்கூடங்களுக்குக் கப்பலேறியது அந்தக் கல்லே. அந்த ஓட்டத்தில் வெட்டி எடுத்த பலகைகளில்தான் மேலும் பல டெரோசார்களும், 1861இல் பெயர்பெற்ற ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்னும் ஆதிப்பறவையும் வெளிவந்தன. ஆர்க்கியோப்டெரிக்ஸின் முழுப்பெயரிலேயே கல்லச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது இந்தக் கல்லச்சு முறையில்தான். ரவிவர்மா பிறந்த கிளிமானூர் நம் மலைக்கு அந்தப் பக்கம். அவர் காலத்தில் செங்கோட்டையும் அதே திருவிதாங்கூர்தான். பிறகு சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பின், பெட்டி மேல் ஒட்டுகிற தாளுக்காகவே அச்சகங்கள் எழுந்த ஊர் அது. இன்று ஆப்செட், அதற்கு முன் லித்தோ. நம் பாட்டிமார் பூஜை மாடத்துத் தெய்வங்களின் முகமும், அவர்கள் அடுப்பு மூட்டிய தீப்பெட்டியின் யானையும் மானும் இப்படி ஏதோ ஒரு கல்லின் மேல் இடவலம் மாறிப் பிறந்தவை. வேலை முடிந்ததும் மணலும் தண்ணீரும் விட்டு இன்னொரு கல்லால் தேய்த்து அந்த உருவத்தை அழிப்பார்கள். அடுத்த உருவம் ஏறும். லித்தோ காலத்தில் வேலைபார்த்த ஒரு பெரியவர் அந்தக் கல்லைத் தூக்கியதைப் பற்றிச் சொன்னபோது பக்தியெல்லாம் காட்டவில்லை. "சீமைக் கல்லு தம்பி, கீழ போட்டா ஒரு மாசச் சம்பளம் காலி" என்றார்.

இனி அந்தப் பார்ப்பு பறந்ததா என்ற கேள்வி. டெரோசார் முட்டை என்று ஒன்று கைக்குக் கிடைத்ததே 2004இல்தான். 2017இல் சீனத்தின் சிஞ்சியாங்கில் வாங் சியாவ்லின் குழு ஒரே இடத்தில் 200க்கும் மேற்பட்ட முட்டைகளைக் கண்டது. தோல்போல் மென்மையான ஓடு, பாம்பு முட்டை மாதிரி. சிலவற்றில் கருக்குஞ்சும் இருந்தது. அதன் மேற்கையில் பறக்கும் தசை பிடித்துக்கொள்ள வேண்டிய எலும்புமுனை இன்னும் வளரவில்லை; ஆகவே பொரித்ததும் நடந்திருக்கும், பறந்திருக்காது, தாய் தகப்பன் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும் என்றார்கள். 2019இல் அன்வினும் டீமிங்கும் இதை மறுத்து, அந்த முட்டைகள் முழு வளர்ச்சி அடையாதவை, முற்றிய குஞ்சின் கை வலுவானதே என்றார்கள். 2021இல் டேரன் நைஷும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் குஞ்சின் கை எலும்பு உடலளவுக்கு மிக உறுதியானது என்றும், இறக்கை பெரியவற்றின் இறக்கையைவிடக் குட்டையாக, அகலமாக இருந்ததால் நெடுந்தூரம் போகாவிட்டாலும் மரம் செடிகளுக்கிடையே சட்டென்று வளைந்து திரும்பியிருக்கும் என்றும் தெரிந்தது. கணக்கு கணக்குதான். கணக்கால் காட்ட முடியாததை முறிந்த கை காட்டிவிட்டது. மடக்கி வைத்த இறக்கையைக் காற்று முறுக்கி ஒடிக்காது. விரித்துக் காற்றை எதிர்த்த இறக்கையைத்தான் ஒடிக்கும். பறந்ததற்கு அது விழுந்ததே சாட்சி என்று ஆயிற்று.

பொரித்த அன்றே பறக்கும் குஞ்சு என்பது நமக்கு நம்ப முடியாத சங்கதி. நாம் கோழியும் காகமும் பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் நிக்கோபார் தீவுகளில் மெகபோடு என்றொரு பறவை இருக்கிறது. கடற்கரை ஓரத்தில் மண்ணும் சருகும் குவித்து மேடு கட்டி முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். சருகு மக்குகிற சூடே அடைகாக்கும். குஞ்சு தானாகவே மண்ணைப் பிளந்து மேலே வரும், வந்த சிறிது நேரத்தில் பறக்கவும் செய்யும். தாய் யார் என்று அதற்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. கோவை சாலிம் அலி மையத்து ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அந்த மேடுகளை எண்ணிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 வந்தது. நாகையிலும் கடலூரிலும் நம் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன அதே அலை, அங்கே கரையோரத்து மேடுகளில் பெரும்பகுதியை மண்ணோடு வழித்துப் போயிற்று. சிஞ்சியாங் முட்டைகள் குவிந்ததும் புயல் வெள்ளம் கூடுகளை அடித்துவந்து ஏரியில் சேர்த்ததால்தான் என்கிறார்கள். சுதந்திரமாகப் பிறக்கிற பிள்ளைக்கு இயற்கை கொடுக்கிற விலைச்சீட்டு எல்லாக் காலத்திலும் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

சோல்ன்ஹோஃபனில் ஒரு பழைய புதிர் உண்டு. அங்கே கிடைத்த நூற்றுக்கணக்கான டெரோசார்களில் பெரும்பாலானவை சிறியவை, அதுவும் எலும்பு பிசகாமல் முழுசாகக் கிடைப்பவை. பெரியவை கிடைத்தால் ஒரு மண்டையோடு, ஒரு கால் என்று துண்டுதான். சோல்ன்ஹோஃபனின் அக்காலத் தீவுகளில் சிறு டெரோசார்கள் மட்டுமே வாழ்ந்தன போலும் என்று பல தலைமுறை அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். இப்போது விளக்கம் தலைகீழாகிவிட்டது. பெரியவை புயலைத் தாங்கின. தங்கள் காலத்தில் செத்து, அமைதியான நீரில் நாட்கணக்கில் மிதந்து, அழுகி, துண்டு துண்டாக உதிர்ந்தன. சிறியவை மட்டும் நனைந்து மூழ்கி, உயிர்க்காற்று குறைந்த அடித்தளத்தில், தின்ன வருவார் யாருமின்றிப் பத்திரமாயின. நல்லபடி வாழ்ந்து முடித்தவர்கள் கல்லில் எதையும் எழுதிவைக்கவில்லை. நாம் அக்காலத்து வாழ்க்கை என்று படித்துவந்தது, உண்மையில் அக்காலத்துச் சில கெட்ட நாட்களை.

நம் பக்கத்துக் கதையை இதனருகே வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. தென்காசி மலையில் எலும்பு தேடிப் பயனில்லை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை அது. அருவி விழ லாயக்கு, நினைவு வைக்க லாயக்கில்லை. டெரோடாக்டிலஸ் பறந்த நாளில் அந்தப் பாறைக்கு மேற்கே அரபிக்கடலும் இல்லை, மடகாஸ்கர் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்தியாவில் டெரோசார் என்று 1974இல் சோகன்லால் ஜெயின் கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டா படிவத்திலிருந்து ஒரு தாடைத் துண்டுக்குப் பெயர் சூட்டினார். பின்னால் பார்த்தவர்கள் அது மீன் தாடையாகவும் இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். தமிழகத்தின் சொத்து அரியலூர்தான். அங்கே கல்லமேட்டில் யாதகிரியும் அய்யாசாமியும் கண்ட ராட்சத எலும்புகளுக்கு 1980களில் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்று பதிவு. சுமார் 7 கோடி ஆண்டு பழையது; உலகிலேயே மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். அந்த எலும்புகள் இன்று இல்லை. அங்குள்ள களிமண் மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, எலும்பைப் பொடியாக்கிவிட்டது. கோட்டோவியங்களும் சில புகைப்படங்களும் மிச்சம். ஒரு சாண் குஞ்சின் கை முறிவு 15 கோடி ஆண்டு நின்றது; ஆளைவிட நீளமான எலும்பு வெளிச்சம் பட்ட சில மழைக்காலங்களைக்கூடத் தாங்கவில்லை. எது நிற்கும் என்பதில் அளவுக்குப் பங்கே இல்லை. எந்தச் சேற்றில், எந்த நேரத்தில் விழுந்தோம் என்பதற்குத்தான் பங்கு.

குஜராத்தின் தோலி டுங்ரியில் 1980களில் தனஞ்சய் மொகபே எடுத்த பாறைத்துண்டில் டைனோசர் முட்டைகளும் அரை மீட்டர் நீளக் குஞ்சும் இருந்தன. 2001இல் ஜெஃப் வில்சன் அதை உற்றுப் பார்த்தபோதுதான் உடைந்த முட்டையைச் சுற்றிக் கிடந்தது ஒரு பாம்பு என்று தெரிந்தது. மூன்றரை மீட்டர்ப் பாம்பு, பொரிக்கிற நேரம் பார்த்துக் கூட்டுக்கு வந்தது. வந்த கணத்தில் சேறு சரிந்து இரண்டையும் மூடிவிட்டது. பாம்பு தின்றிருந்தால் கதை இல்லை, தின்னாமல் போயிருந்தாலும் கதை இல்லை. நம் பக்கத்து நினைவும் அப்படித்தான். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில், மேலே மலையில் பெய்த மழை கீழே யாருக்கும் தெரியாமல் இறங்கிவந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அந்த அருவி எத்தனை கோடி பேரை நனைத்து அனுப்பியிருக்கும். அவர்களில் யாரையும் தண்ணீர் நினைவில் வைக்கவில்லை. நாம் அந்தப் படிகளில் இறங்கும்போது நினைப்பது அந்த ஒரு மாலையை.

போன ஆனியில் சிவகாசிப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கொல்லைப்புறத்தில் குழாயடிக்கு முன்னால் துவைகல்லாகப் போட்டிருந்த பலகை கண்ணில் பட்டது. நம் ஊர்க் கருங்கல் அல்ல. வெளிறிய மஞ்சள், ஓரம் தேய்ந்து வழவழத்திருந்தது. அந்த வீட்டில் ஒரு காலத்தில் அச்சுத்தொழில் இருந்ததாம். செனஃபெல்டர் வீட்டுச் சலவைக் கணக்கில் தொடங்கிய கல் இரண்டு நூற்றாண்டு சுற்றி மறுபடி சலவைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு குனிந்தேன். கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்ததில் சோப்புக் கறைக்கு அடியில் வலமிருந்து இடமாக ஓடும் சில எழுத்துகளும், ஒரு வட்டத்தில் பாதியும் மங்கலாகத் தெரிந்தன. ஏதோ லேபிள். கல்லின் விளிம்பை, பக்கவாட்டுப் படலங்களை விரலால் தடவிக்கொண்டே போனேன். காற்று வேப்பமரத்தைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி, எதையும் தொலைச்சிட்டீங்களா?" என்று வாளியோடு வந்த அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி, குருவிக்குஞ்சு ஏதும் விழுந்து கெடக்கான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் மேலே மரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினாள்.